வாயில் விரல் வைத்த வெள்ளிப் பிள்ளை

போன மாதம் வேத வகுப்பின் நடுவில் நான் எழுந்து வெளியே போனதற்கு முழங்கால் வலி என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். நம் வயதில் யாருக்கு முழங்கால் வலி இல்லை? உங்களில் ஒருத்தி படிவரை ஓடிவந்து தைலப் போத்தலைக்கூட என் கையில் திணித்தாள். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தருவேன். ஆனால் அன்று எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.

எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. இதை எழுத மூன்று கிழமை ஆயிற்று. மகள் "நீங்க சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்" என்றாள். வேண்டாம் என்றேன். அடுத்தவரைக் கொண்டு எழுதுவிக்கிற காரியம் இல்லை இது. பிழை இருந்தால் இருக்கட்டும்.

அன்று சிஸ்டர் என்ன படிப்பித்தார் என்று நினைவிருக்கிறதா? பொய்த் தெய்வங்கள் உலகத்தில் முதன்முதல் எப்படி வந்தன என்பது பாடம். நம் கத்தோலிக்க வேதத்தில் இருந்து ஒரு பகுதியை வாசித்தார். மற்றச் சபைக்காரரின் வேதப் புத்தகத்தில் அந்தப் பகுதி இல்லையாம். ஒரு தகப்பனுக்குப் பிள்ளை சின்ன வயதிலேயே செத்துப்போகிறது. அவன் துக்கம் தாங்காமல் அந்தப் பிள்ளையைப் போலவே ஓர் உருவம் செய்து வைக்கிறான். முதலில் அவன் வீட்டார் அதன் முன்னால் நிற்கிறார்கள். பிறகு ஊர் நிற்கிறது. அப்படித்தான் விக்கிரகம் பிறந்தது என்று சொல்லிவிட்டு, "விளங்குதா அம்மாமார்?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் "ஓம் சிஸ்டர்" என்றீர்கள்.

எனக்கு விளங்கியது போல உங்களில் ஒருத்திக்கும் விளங்கியிருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை.

இப்போது நான் வெள்ளவத்தையில் மகளின் மாடிவீட்டில் இருந்தாலும், பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடு ஒரு தோட்டத்தில் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் பூமரங்கள் இல்லை. ஒரே சுவரைப் பங்கு போட்ட பதினொரு வீடுகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் மூலையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப், பைப்புக்குப் பின்னால் ஒரு கொட்டம்பா மரம். அதன் இலை உதிரும்போது மஞ்சளாகாது, இரத்தச் சிவப்பாகும். கொட்டம்பா விழுந்தால் கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்போம். எத்தனையோ தரம் விரல் நசுங்கியிருக்கிறது.

அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் வைப்பது வேலை. கை அவ்வளவு நிதானம். வீட்டில் முட்டைகூட அவர்தான் உடைப்பார். அம்மா யாழ்ப்பாணத்துச் சைவக்காரப் பெண். கலியாணத்துக்கு முதல் நாள் தண்ணீர் வார்த்து வேதத்தில் சேர்த்தார்களாம். அப்பாவின் அக்கா, என் மாமி, அந்தத் தண்ணீர் அம்மாவின் தலையில் நன்றாக ஊறவில்லை என்று கடைசிவரை நம்பினார். "பிள்ளையாருக்கு உடைச்ச தேங்காய்த் தண்ணி உள்ள நிறைய இருக்கு. பிறகு எங்கட தண்ணி எங்க ஊறுறது?" என்று அம்மாவுக்குக் கேட்கும்படியே சொல்லுவார்.

எனக்கு முன்னால் வீட்டில் ஒரு பையன் இருந்திருக்கிறான். என் அண்ணன். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். அவனைப் பற்றி வீட்டில் கதைக்க மாட்டார்கள். படம் கிடையாது, அந்தக் காலத்தில் யார் ஒன்றரை வயதுப் பிள்ளையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போனார்கள்? வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில் இறந்தவர்களின் திருநாள் அன்று, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மாதம்பிட்டிச் சவக்காலைக்குப் போவார். குழந்தைகளின் குழிகள் ஒரு பக்கம். சில வருடம் போனால் அதே குழியில் வேறொரு குழந்தையை வைத்துவிடுவார்கள். அதனால் இடம் சரியாகத் தெரியாது. அப்பா மெழுகுதிரியை வைத்துக்கொண்டு கொஞ்சம் இந்தப் பக்கம் நடப்பார், கொஞ்சம் அந்தப் பக்கம் நடப்பார். பிறகு எங்காவது குத்திவிடுவார். ஏன் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "எல்லாம் பிள்ளைகள்தானே" என்றார்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அந்தத் திருநாளுக்கு நாங்கள் போகவில்லை. அந்த வருடத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ஹார்பரில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் அவரை ஒரு வேத வகுப்புக்குக் கூட்டிப் போனார். கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில், கருவாட்டுக் கடைக்கு மேல்மாடி அறை. எந்தச் சபை என்று எனக்குத் தெரியாது, பெயர்ப்பலகை இருக்கவில்லை. நடத்தியவரை எல்லாரும் ஐயா என்றார்கள். மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, கோட்டின் கைகளில் எப்போதும் சோக்குத் தூள். குரலை உயர்த்தவே மாட்டார். கெட்ட மனிதர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வகுப்பு முடிய, பிள்ளைகள் எங்களுக்கு ஆளுக்கொரு டொபி மிட்டாய் தருவார், தரும்போது பெயர் சொல்லித் தருவார்.

இரண்டாம் ஞாயிறோ மூன்றாம் ஞாயிறோ, படி இறங்கும்போது அப்பா அவரிடம் கேட்டதை நான் கேட்டேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, ஒரு சின்னப் பிள்ளை. ஒரு பாவமும் செய்யாதது. அது ஏன் சாகுது?"

எங்கள் பங்குச் சுவாமியிடமும் அப்பா இதைக் கேட்டிருப்பார். அவர் பிள்ளை மோட்சத்தில் சம்மனசு ஆகிவிட்டது என்றிருப்பார். ஐயா அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்கிறதில்லை சகோதரன். ஆண்டவர் வெறுக்கிற ஒன்று வீட்டில் இருந்தால், அந்த வீட்டைச் சுற்றி வேலி இல்லை. தேடிப் பாருங்கள்."

அப்பாவின் கை என் கையை இறுக்கியது. வலித்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. முதலில் சூசையப்பர் படம். பிறகு இருதய ஆண்டவரும் அவருக்கு முன்னால் எரிந்த சிவப்புப் பல்பும். கடைசியாக மாதா சுரூபம். ஒரு முழ உயரம், நீலச் சால்வை, மூக்கு நுனியில் சாயம் போயிருக்கும். அதை அப்பா சாக்கில் போட்டுக் கட்டினதைக் கேள்விப்பட்டு மாமி ஓடி வந்தார்.

"தம்பி, உனக்கு விசரா? சாக்கில போட மாதாவென்ன தேங்காயா?"

"அக்கா, இது ஆதியில எங்கயிருந்து வந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது? நீர்கொழும்பிலயிருந்து வந்தது. நான்தான் வாங்கித் தந்தனான்!"

மாமி சாக்கை அவிழ்த்து மாதாவை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். கொண்டக்டர் அரை டிக்கட் கேட்டானாம். முகத்தை மூடின சேலையை விலக்கிக் காட்டியதும் தொப்பியைக் கழற்றினானாம், அவன் சிங்களப் பௌத்தன். இதை மாமி சாகும்வரை சொல்லிச் சிரித்தார். அன்று வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னதை மட்டும் பிறகு சொல்லவேயில்லை. "எல்லாம் நீ இந்த வீட்டுக்குள்ள வந்ததில பிடிச்ச பேய்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடிலும் இல்லை. பழைய சிமெந்துப் பேப்பரைக் கசக்கி மலை செய்வதும், கண்ணாடித் துண்டு வைத்துக் குளம் செய்வதும், ஒரு காது உடைந்த கழுதையும் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னோடு போயின. நான் அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கழுதைக்காக அழுதேனே தவிர வகுப்பை நான் வெறுக்கவில்லை. எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் மக்கு. எழுத்துகள் எனக்கு வரிசையில் நிற்காது. ஆனால் ஒரு தரம் காதில் விழுந்தது என்னிடமிருந்து போகாது. ஐயா புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்டு வாயாலேயே கேட்பார். நோவாவின் பிள்ளைகள் எத்தனை பேர்? கூஷின் மகன் யார்? பாபேலில் செங்கல்லுக்குச் சாந்தாக எதைப் பூசினார்கள்? நான் கையைத் தூக்குவதற்கு முன்பே பதில் வாயில் வந்துவிடும். "இந்தப் பிள்ளையைப் பாருங்கள்" என்பார். வாழ்க்கையில் என்னைக் காட்டி அப்படி ஒருவர் சொன்னது அங்கேதான்.

கரும்பலகையில் அவர் வரைந்த படம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நடுவில் ஒரு கோபுரம். வெள்ளம் வடிந்த பிறகு மனிதர் ஆண்டவரை மறந்து கட்டியது. அதைக் கட்டுவித்த நிம்ரோத், அவன் பெண்சாதி, அவள் கையில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை செத்துப்போனதாம், அவள் அதைத் தெய்வம் என்று சொல்லி ஊரை அழ வைத்தாளாம். மொழி குழம்பிச் சனம் பிரிந்து போனபோது ஒவ்வொரு கூட்டமும் அந்தத் தாயையும் பிள்ளையையும் வேறு வேறு பெயரோடு தூக்கிக்கொண்டு போனதாம். கோபுரத்திலிருந்து கோடுகள் இழுப்பார். ஒன்று எகிப்துக்கு, ஒன்று ரோமாபுரிக்கு, ஒன்று இந்தியாவுக்கு. எல்லாக் கோட்டின் நுனியிலும் ஒரு தாய், ஒரு பிள்ளை. கீழேயிருந்து கருவாட்டு மணம் பலகை இடுக்கால் ஏறும். துறைமுகத்தில் கப்பல் ஊதும். ஐயா ஊதி முடியும்வரை சோக்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருந்து, பிறகு அடுத்த கோட்டை இழுப்பார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பேன். உலகம் முழுவதும் ஒரே கதை என்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது!

அம்மா பெண்கள் வரிசையில் கடைசி மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். அப்பா ஆண்கள் பக்கம் முன் வாங்கில்.

ஒரு ஞாயிறு ராகேலின் கதை. தகப்பன் வீட்டை விட்டுப் போகும்போது ராகேல் அவருடைய வீட்டுத் தெய்வங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்துக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தகப்பன் தேடி வந்தபோது, உடம்பு சுகமில்லை, எழும்ப ஏலாது என்றாள். ஐயா சொல்லி முடித்துப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார்.

"இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். உங்கள் வீட்டில் ஒட்டகச் சேணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?"

என் பக்கத்தில் இருந்த பெட்டை எழும்பி, "எங்கட வீட்டில ஒட்டகம் இல்ல ஐயா" என்றாள். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். பதில் தெரியாமல் அவள் சிரிப்பை வாங்கிக்கொண்டு போனது எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும்.

நான் எழும்பினேன். "எங்கட அம்மாட பெட்டிக்குள்ள ஒரு வெள்ளிப் பிள்ளை இருக்கு ஐயா. துணியில சுத்தி ஒளிச்சு வச்சிருக்கிறா."

சிரிப்பு நின்றது. நான் ஐயாவின் முகத்தைத்தான் பார்த்தேன். "இந்தப் பிள்ளையைப் பாருங்கள்" வரும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். அம்மா வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அந்த வெள்ளிப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருவிரல் அளவு இருக்கும். அம்மா அதைத் தனியாக இருக்கும்போது எடுத்து, புளியால் துலக்கி, மறுபடி ஒரு பழைய பிள்ளைச் சட்டைத் துண்டில் சுற்றி வைப்பார். இரண்டு தரம் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். கும்பிட்டு நான் காணவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நேர்த்திக்கு வைக்கிற உருக்களை நீங்களும் அறிவீர்கள். கண் நோவென்றால் வெள்ளிக் கண், பிள்ளை நோவென்றால் வெள்ளிப் பிள்ளை. செட்டியார் தெருவில் ஒரே நகைப் பத்தர் ஒரே அச்சில் அடித்ததைத்தான் சைவர்கள் அம்மன் கோவிலுக்கு எடுத்துப்போவார்கள், நாங்கள் அந்தோனியாருக்கு எடுத்துப்போவோம். அந்த அச்சுப் பிள்ளைகள் எல்லாம் தகடு. கையைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பொலிஸ்காரனைப் போல நிற்கும். அம்மாவிடம் இருந்தது தகடு இல்லை, பாரமாக இருந்தது. அது வலது கைப் பெருவிரலை வாயில் வைத்திருந்தது. இடது கால் கொஞ்சம் உள்ளுக்கு வளைந்திருந்தது. அந்த வித்தியாசம் எனக்கு அன்றே தெரிந்தது. ஏன் என்று கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, அப்பா வேலையால் வந்த நேரம், ஐயாவும் வகுப்புக்காரர் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு யாரும் கேட்காமலே பெட்டியைத் திறந்து, துணியோடு எடுத்து மேசையில் வைத்தார்.

ஐயா துணியை விரித்தார். உருவத்தை விரல் நுனியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்கள் சகோதரன்" என்றார் அப்பாவிடம். அவருடைய குரலில் ஒரு கண்டுபிடிப்பின் சந்தோஷம் இருந்தது. "எகிப்தியர்களின் பிள்ளைத் தெய்வமும் இப்படித்தான். வாயில் விரல். புத்தகத்தில் படம் காட்டுகிறேன். எங்கே பாபேல், எங்கே எகிப்து, எங்கே கொட்டாஞ்சேனை! அதே பிள்ளை."

ஐயா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"சகோதரி, கோபிக்க வேண்டாம். இது எங்கிருந்து உங்களிடம் வந்தது?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மா அவசரப்படாமல் பார்த்தார். அப்பா தன் வேலைத் தொப்பியை முழங்காலில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். முற்றத்தில் யாரோ வாளி நிறைத்தார்கள். வாளி நிறைந்து வழிகிற சத்தம்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "என்னோட வந்தது ஐயா."

"சீதனமாகவா?"

"ஓம். அப்பிடி வச்சுக்கொள்ளுங்கோ."

யாக்கோபு தன் வீட்டாரிடமிருந்த அந்நிய தெய்வங்களை எல்லாம் வாங்கி ஒரு கர்வாலி மரத்தின் கீழே புதைத்துவிட்டுப் போனாராம். அப்படியே நாமும் செய்வோம் என்றார் ஐயா. கர்வாலி மரம் எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. முற்றத்தில் ஒரே ஒரு மரம்தான் இருந்தது.

சனிக்கிழமை பின்நேரம். முதல் நாள் மழை, மண் ஈரம். தோட்டத்துப் பதினொரு வீட்டாரும் வாசல்களில் நின்றார்கள். அப்பா சிமெந்துக் கரண்டியால் தோண்டினார். வேர் குறுக்கே வந்தது, விலத்திப் பக்கத்தில் தோண்டினார். முழங்கைவரை கை உள்ளே போகும் ஆழம். ஐயா செபம் சொன்னார். அம்மா வெளியே வந்து துணியை அவிழ்த்து உருவத்தை மட்டும் அப்பாவின் கையில் வைத்தார். துணியைத் தான் எடுத்துக்கொண்டார்.

"துணியையும் தாருங்கள் சகோதரி" என்றார் ஐயா.

"துணி கும்பிடுற சாமான் இல்ல ஐயா" என்றார் அம்மா. அந்த வருடம் முழுவதும் அம்மா எதிர்த்துச் சொன்னது அந்த ஒரு வசனம்தான்.

அப்பா அதைக் குழிக்குள் போடவில்லை. கையை உள்ளே விட்டு வைத்தார். கப்பலில் கண்ணாடிப் பெட்டி இறக்குகிற மாதிரி. மண்ணைத் தள்ளினார். சிவப்பு இலைகள் நாலைந்து மேலே விழுந்தன. எனக்குப் பெரும் பயம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை. ஐயா டொபி தந்தார். நான் வாங்கினேன். வாங்கித் தின்றேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மா வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். பூசைக்கும் போகவில்லை, அம்மன் கோவிலுக்கும் போகவில்லை. பைப்படிக்கும் போக மாட்டார். தண்ணீர் எடுக்க என்னை அனுப்புவார். நான் செய்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அடித்திருக்கலாம். நான் இரண்டு மூன்று தரம் வேண்டுமென்றே கோப்பையை உடைத்துப் பார்த்தேன். அதற்கும் அடிக்கவில்லை.

அப்பாதான் மாறினார். முன்பெல்லாம் வேலையால் வந்து வீட்டுக்குள்ளேயே கால் கழுவுவார். இப்போது பைப்படிக்குப் போனார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு, ஒரு காலைக் கழுவி, மற்றக் காலைக் கழுவி, மறுபடி முதல் காலைக் கழுவுவார். வாளியோடு வரிசையில் நிற்கிற பெண்கள், "இந்த மனுசனுக்கு என்ன, நூறு காலா?" என்று கேலி செய்வார்கள். அவர் விலகிக் கொஞ்சம் தள்ளி நிற்பார், போக மாட்டார். அம்மா தோண்டி எடுத்துவிடுவாரோ என்று காவல் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். அந்த நாளில் நான் அப்பாவை வெறுத்தேன். அந்த வெறுப்பைப் பல வருடம் நன்றாகத் துலக்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஐயா வேறு ஊருக்குப் போனார், மேல்மாடி அறையில் கருவாட்டுச் சாக்கு அடுக்கினார்கள். அப்பா கோவிலுக்குத் திரும்பிப் போனார், கடைசி வாங்கில் இருந்தார். மாமி மாதாவைப் பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுவந்தார். வெள்ளிப் பிள்ளை மட்டும் மண்ணுக்குள் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்பா கால் கழுவுவதை விடவுமில்லை.

அப்பா செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, நானும் அம்மாவும், பின்னாளில் வீட்டுக்குள் போட்ட பைப்பில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போது எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். நான் கேட்டேன், "அந்தச் சாமானை இனி எடுப்பமா அம்மா? இனி ஆர் தடுக்கிறது?"

"ஆர் முந்தித் தடுத்தது?"

"அப்பா."

அம்மா கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அது அவர் செய்விச்சது பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை.

"உன்ட அண்ணனுக்குக் காய்ச்சல் விடேல்ல. அப்பா செட்டியார் தெருவுக்குப் போனவர். அச்சுப் பிள்ளை வேண்டாம், என்ட பிள்ளை மாதிரி செய்து தா எண்டு பத்தரோட மூண்டு நாள் பக்கத்தில இருந்து செய்விச்சவர். அவன் விரல் சூப்புவான். கால் கொஞ்சம் வளைவு. எல்லாம் சொல்லிச் சொல்லிச் செய்விச்சது. சுகம் வந்தால் அந்தோனியாருக்கு வைக்கிறதெண்டு. அதைக் கொண்டு அவர் வாசலுக்கு வர, இஞ்ச பிள்ளை போயிட்டான்."

பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பூட்டவில்லை.

"அப்ப ஏன் அம்மா அண்டைக்கு உங்களோட வந்தது எண்டு சொன்னனீங்க?"

"அவர் சொல்லுவார் எண்டு பாத்தனான். சொல்லேல்ல. எப்பிடிச் சொல்லுவார்? வீட்டில இருந்த விக்கிரகத்தாலதான் பிள்ளை செத்தது எண்டு அந்த ஐயா அவருக்குச் சொல்லி வச்சிட்டார். நான்தான் செய்விச்சனான் எண்டு அவர் சொன்னால், பிள்ளையைச் சாகடிச்சது ஆரெண்டு வரும்?" அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "என்னோட வந்ததெண்டால் ஒண்டுமில்லை. என்னோட வந்ததெண்டு ஏற்கெனவே எவ்வளவோ இருக்கு. அதோட இதொண்டு."

"பிறகாவது தோண்டி எடுத்திருக்கலாமே?"

"எடுத்தால் அந்த மனுசன் எங்க நிண்டு கால் கழுவுறது?"

அதற்கு மேல் அம்மா இதைப் பற்றிக் கதைக்கவில்லை. அப்பாவிடம் போய் ஒரு சொல் சொல்ல முடியுமா? முப்பத்தொரு நாள் பிந்திவிட்டது. நான் அன்று வாங்கிலிருந்து எழும்பாமல் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது என்று அம்மா சொல்லவில்லை. சொல்லாததால் அது என்னிடமே இருக்கிறது.

தோட்டத்தை உடைத்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். உடைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தபோது கொட்டம்பா மரம் வேரோடு போய்விட்டது, மண்ணை லொறியில் ஏற்றி எங்கேயோ பள்ளம் நிரப்பக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்டேன். பேலியகொடைப் பக்கம் என்றான் ஒருவன், தெரியாது என்றான் மற்றவன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அந்தச் சட்டைத் துண்டை அம்மாவின் கைக்குள் வைத்து நானே சவப்பெட்டியை மூடுவித்தேன்.

இனி அந்த வேத வகுப்பு நாள். சிஸ்டர் வாசித்தது என்ன? பிள்ளை செத்த தகப்பன் ஒருவன் உருவம் செய்தான், அதிலிருந்துதான் எல்லாப் பிழையும் வந்தது. பாபேலில் கோபுரம் கட்டினவன் இல்லை, எகிப்து ராசா இல்லை. இடம் தெரியாத குழிக்கு மெழுகுதிரியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற ஒருவன். வேதம் எங்கள் அப்பாவை அறிந்திருக்கிறது, அறிந்துகொண்டும் அது பிழை என்றுதான் சொல்லுகிறது. நான் வேதத்தோடு சண்டைக்குப் போகவில்லை. அவ்வளவு படிப்பு எனக்கில்லை. பிழை என்றால் பிழைதான். ஆனால் அங்கே இருந்து "ஓம் சிஸ்டர்" என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வெளியே வந்து பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். அடுக்குமாடியின் முன்னால் வாகனம் நிறுத்துகிற இடம், முழுக்கச் சிமெந்து. பைப் எங்கே இருந்தது, மரம் எங்கே இருந்தது என்று ஒன்றையும் வைத்து அளக்க முடியவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் நடந்தேன், கொஞ்சம் அந்தப் பக்கம் நடந்தேன். காவல்காரர், சிங்களவர், என் மகன் வயது, கிட்ட வந்தார்.

"மொனவத அம்மே ஹொயன்னே?" என்ன தேடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"மெத்தன கஹக் திபுணா, புத்தே" என்றேன். இங்கே ஒரு மரம் இருந்தது மகனே.

அவர் சுற்றிப் பார்த்தார். பாவம், அவர் என்ன செய்வார்? நிழலில் நிற்கச் சொன்னார். நான் போகவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் நின்று செருப்பைக் கழற்றினேன். பையிலிருந்த குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ஒரு கையைக் காரில் ஊன்றிக்கொண்டு, ஒரு காலுக்கு ஊற்றினேன். மற்றக் காலுக்கு ஊற்றினேன்.

"ரஸ்னெயித அம்மே?" என்றார் அவர். வெயில் சுடுகிறதா அம்மா?

ஓம் என்று தலையாட்டிவிட்டு, மிச்சத்தை மறுபடி முதல் காலுக்கு ஊற்றினேன்.